குட்டைப் பம்ப் துப்பாக்கி: அமெரிக்காவில் வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

மோஸ்பெர்க் 590 ஷாக்வேவ், ரெமிங்டன் 870 டாக்-14 இரண்டும் 2017இல் கடைக்கு வந்தன. பார்த்தால் ஷாட்கன்னை (பல ரவைகளை ஒன்றாகச் சுடும் நீளத் துப்பாக்கி) அறுத்துக் குட்டையாக்கியதுபோல இருக்கும். உள்ளே ஓடுவதும் அதே பம்ப் எந்திரம் (முன்பிடியை முன்னும் பின்னும் ஓட்டித் தோட்டா ஏற்றுவது), சுடுவதும் அதே 12 கேஜ் தோட்டா (கேஜ் என்பது குழல் துளையின் அளவு). ஆனால் அமெரிக்க ஃபெடரல் சட்டத்தின் கணக்கில் இது ஷாட்கன்னும் அல்ல, கைத்துப்பாக்கியும் அல்ல, வெறும் 'துப்பாக்கி'. ஷாக்வேவின் குழல் 14.375 அங்குலம், முழு நீளம் 26.37 அங்குலம். சட்டம் வைத்திருக்கும் கோடு 26 அங்குலம். இந்தப் பொருள் சட்டத்துக்குள் நிற்பது சுமார் ஒன்பது மில்லிமீட்டர் இடைவெளியில்தான். பிடியை மாற்றினாலே அந்த இடைவெளி போய்விடும். ஆகவே இதை வைத்திருப்பவர் சட்டத்தையும் எந்திரத்தையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுப் பாதுகாப்புக்கு முதல் துப்பாக்கி தேடுகிறவருக்கு இது பொருந்தாது. தோளில் அணைக்கும் கட்டையுள்ள, 18.5 அங்குலக் குழல் கொண்ட சாதாரண பம்ப் ஷாட்கன் குறி தவறாமல் சுட எளிது, உதையும் குறைவு, சட்டச் சிக்கலும் மிகக் குறைவு. குட்டைத் துப்பாக்கிக்கு இருக்கும் ஒரே உண்மையான வசதி நீளம்தான்: குறுகலான நடை, கூடார வண்டி, படகு போன்ற இடங்கள். அந்தத் தேவை உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால் மேலே படியுங்கள்.

ஏன் இது ஷாட்கன் அல்ல

1934இன் தேசியத் துப்பாக்கிச் சட்டம் 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ஷாட்கன்னையும், ஷாட்கன்னிலிருந்து செய்யப்பட்டு 26 அங்குலத்துக்குக் குறைந்த நீளமுள்ளதையும் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் வரையறைப்படி, தோளில் வைத்துச் சுடுவதற்காக வடிவமைக்கப்பட்டால்தான் அது ஷாட்கன். ஷாக்வேவின் ரிசீவருக்கு (எந்திரம் அடங்கிய உடல் பாகம்) தொழிற்சாலையில் தோள்கட்டை ஒருபோதும் மாட்டப்படவில்லை. பறவைத் தலை வடிவப் பிடியோடுதான் வெளியே வருகிறது. ஆகவே ஷாட்கன் வரையறைக்குள் வராது. நீளம் 26 அங்குலத்தைத் தாண்டுவதால், உடம்பில் மறைத்து வைக்கக்கூடிய 'பிற ஆயுதம்' என்ற இன்னொரு பதிவு வகையிலும் சாதாரணமாக விழாது.

இதிலிருந்து நேராக வரும் விளைவுகள் சில. இவற்றில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

தோள்கட்டையோடு விற்கப்பட்ட மோஸ்பெர்க் 500 அல்லது ரெமிங்டன் 870 உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். அதில் 14 அங்குலக் குழலையும் பறவைத் தலைப் பிடியையும் மாட்டினால் கடையில் விற்கும் ஷாக்வேவ் போலவே தெரியும். ஆனால் அது பதிவில்லாத குட்டைக் குழல் ஷாட்கன். ரிசீவர் பிறந்த விதம்தான் கணக்கு. இதற்குப் பத்தாண்டு வரை சிறை உண்டு.

ஷாக்வேவில் குட்டைக் குழல் இருக்கும்போதே தோள்கட்டையை மாட்டினாலும் அதே குற்றம். அதைச் சாதாரண ஷாட்கன்னாக மாற்ற விரும்பினால், முதலில் 18 அங்குலத்துக்குக் குறையாத குழலை மாட்ட வேண்டும், பிறகுதான் கட்டையை. கழற்றும்போதும் வரிசை தவறக் கூடாது. அப்படி ஒருமுறை ஷாட்கன்னாக்கிவிட்டால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். மீண்டும் குட்டைக்குத் திரும்புவது வழக்கறிஞரைக் கேட்காமல் செய்யக்கூடிய வேலையல்ல.

பறவைத் தலைப் பிடியைக் கழற்றிவிட்டு, கைத்துப்பாக்கியில் இருப்பதுபோல் செங்குத்தாக இறங்கும் பிடியை மாட்டினால் முழு நீளம் 26க்குக் கீழே போய்விடும். அப்போது அது 'பிற ஆயுதம்'. பிடி வாங்கும்போது அழகையும் விலையையும் பார்ப்பதற்கு முன் நீளத்தைக் கணக்கிடுங்கள்.

அளக்கும் முறை இது. துப்பாக்கி காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, போல்ட்டை, அதாவது குழலின் பின்முனையை அடைக்கும் பாகத்தை, முன்னே தள்ளி மூடுங்கள். குழலின் வாயிலிருந்து பிடியின் கடைசிப் புள்ளிவரை, குழலுக்கு இணையான நேர்கோட்டில் அளக்க வேண்டும். பிடியின் வளைவோடு நாடாவை ஓட்டக் கூடாது. குழல் நீளத்துக்கு, மூடிய போல்ட்டின் முகத்தைத் தொடும்வரை ஒரு மரக்குச்சியை வாய்வழியே விட்டு, வாயின் விளிம்பில் குறியிட்டு, எடுத்து அளவுகோலில் வையுங்கள்.

முன்கை மணிக்கட்டில் பட்டையிட்டுக் கட்டும் பிரேஸ் பற்றிய ஏ.டி.எஃப் (துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் ஃபெடரல் துறை) விதி 2023இல் வந்தது. 2024 ஜூனில் டெக்சஸ் ஃபெடரல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதி போனாலும் 1934 சட்டத்தின் வரையறை அப்படியேதான் இருக்கிறது. தோளில் வைத்துச் சுட வேண்டும் என்ற ஆசை இருந்தால் பிரேஸில் சுற்றி வளைக்காமல், குட்டைக் குழல் ஷாட்கன்னாகப் படிவம் 1 (தானே செய்துகொள்ள ஏ.டி.எஃப்பிடம் முன்அனுமதி கேட்கும் விண்ணப்பம்) கொடுத்துப் பதிவு செய்துவிடுவதே சுத்தமான வழி. முன்பு அதற்கு 200 டாலர் வரி. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தால் 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். ஆனால் கைரேகை, புகைப்படம், ஒப்புதல் எல்லாம் இன்னும் வேண்டும். ஒப்புதல் கைக்கு வந்த பிறகே கட்டையை மாட்டலாம். பதிவான குட்டைக் குழல் ஷாட்கன்னை வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போக முன்கூட்டியே ஏ.டி.எஃப் அனுமதியும் தேவை.

யார் வாங்கலாம்

உரிமம் பெற்ற கடைக்காரர் ரைஃபிள், ஷாட்கன் இரண்டையும் 18 வயதினருக்கு விற்கலாம். இது அவை இரண்டும் அல்ல என்பதால் வயது 21. அதே காரணத்தால் பக்கத்து மாநிலத்துக் கடையில் பார்த்துப் பிடித்துப்போனாலும் அங்கேயே கையில் வாங்கிவர முடியாது. உங்கள் மாநிலக் கடைக்கு அனுப்பச் சொல்லி இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கும்போது நிரப்பும் 4473 என்ற ஃபெடரல் படிவத்தில் கடைக்காரர் இதை 'பிற துப்பாக்கி' என்ற வகையில் குறிக்க வேண்டும் (மேலே சொன்ன 'பிற ஆயுதம்' வேறு). புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஷாட்கன் என்று குறித்துவிடுவது உண்டு. கையெழுத்துப் போடும் முன் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்கு இதைவிட முக்கியமானது விசா. குடியேற்றம் சாராத விசாவில் நாட்டுக்குள் வந்தவர், அதாவது எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, பி-2 எல்லோரும், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடை செய்கிறது. பச்சை அட்டைக்கு விண்ணப்பித்துப் பல ஆண்டுகளாகக் காத்திருப்பதும், வேலை அனுமதி அட்டை இருப்பதும் இந்தத் தடையை நீக்காது. அட்டை கையில் வந்த பிறகுதான் நீங்கள் குடிமகனைப் போல வாங்கலாம். அப்போது படிவத்தில் உங்கள் குடியேற்ற எண்ணையும் எழுத வேண்டும்.

இந்தத் தடைக்கு உள்ள விலக்குகளில் பரவலாகப் பயன்படுவது, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய காலாவதியாகாத வேட்டை உரிமம். அது இருந்தால் எச்-1பிக்காரரும் சட்டப்படி வாங்கலாம், சுடலாம். உரிமம் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். அது முடியும் நாளில் வீட்டிலிருக்கும் துப்பாக்கி சட்டவிரோதமாகிவிடுகிறது. புதுப்பிக்கும் தேதியை மறக்கும் ஆளாக இருந்தால் இந்த வழியில் இறங்கவே வேண்டாம். ஒரு குற்ற வழக்கு பச்சை அட்டைக் கனவையே முடித்துவிடும்.

வார இறுதியில் நண்பனைச் சுடுதளத்துக்கு அழைத்துப்போய் "நீயும் ஒண்ணு சுட்டுப் பாரு" என்று கையில் கொடுப்பதும் இதில் சேரும். அவர் எஃப்-1இல் வேட்டை உரிமம் இல்லாமல் இருந்தால், அந்த ஐந்து நிமிடம் அவர் கையில் இருந்ததும் வைத்திருத்தல்தான். அவருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பது தனிக் குற்றம். 2022இன் சட்டத்தின்படி 15 ஆண்டுவரை சிறை.

ஊரிலிருந்து அப்பா அம்மா பி-2 விசாவில் ஆறு மாதம் வந்து தங்குகிறார்களா? அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தால், அது அவர்கள் வசமும் இருக்கிறது என்று வாதிட இடமுண்டு. பெட்டியின் எண்ணையோ சாவியையோ அவர்களுக்குச் சொல்லாதீர்கள். எண் தெரிந்தால் அவசரத்துக்கு உதவும் என்று நல்லெண்ணத்தில் சொல்லிவைப்பதுதான் இதில் பிசகு.

மாநிலம், வண்டி, எல்லை

ஃபெடரல் சட்டம் அனுமதித்தாலும் மாநிலம் தடுக்கலாம். கலிஃபோர்னியாவில் ஷாட்கன் தோட்டாவைச் சுடும், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள எதுவும் குட்டைக் குழல் ஷாட்கன்தான். தோள்கட்டை இல்லை என்ற வாதம் அங்கே எடுபடாது. டெக்சஸில்கூடத் தொடக்கத்தில் மாநிலச் சட்டம் இடம் தரவில்லை. 2017 செப்டம்பர் 1 முதல்தான் திருத்தத்தால் வழி பிறந்தது. நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற கடுமையான சட்டமுள்ள மாநிலங்களில் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், மாநிலத் துப்பாக்கிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள். வேலை மாறி வேறு மாநிலத்துக்கு வீடு மாற்றும்போது இதை மறந்துவிடாதீர்கள். லாரியில் ஏறும் பெட்டிகளோடு இதுவும் போய்ச் சேர்ந்து குற்றமாகிவிடும்.

மறைத்துச் செல்லும் கைத்துப்பாக்கி உரிமம் இதற்குப் பொதுவாகப் பொருந்தாது, ஏனென்றால் இது கைத்துப்பாக்கி அல்ல. சட்டைக்குள்ளோ கோட்டுக்குள்ளோ மறைத்தால் ஃபெடரல் வகைப்பாடே மாறலாம் என்று ஏ.டி.எஃப் எச்சரித்திருக்கிறது. பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்ற இது ஏற்றதல்ல. வண்டியில் குண்டு நிரப்பி வைப்பதையும் பல மாநிலங்கள் தடுக்கின்றன. மாநிலம் கடந்து போகும்போது காலியாக, பூட்டிய பெட்டியில், டிக்கியில் வையுங்கள். தோட்டாவும் கைக்கெட்டாத இடத்தில். 1986இன் சட்டம் வழிப்பயணத்துக்குப் பாதுகாப்பு தருவது, புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அது சட்டப்படி இருந்தால் மட்டுமே.

இந்தியாவுக்கு எடுத்துப்போகும் எண்ணமே வேண்டாம். அங்கே 20 அங்குலத்துக்குக் குறைந்த, உட்புறம் வழவழப்பான குழலுள்ள துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகை. துப்பாக்கியை யாரும் கொண்டுபோக மாட்டார்கள். ஆனால் சுடுதளத்துக்குக் கொண்டுபோன முதுகுப்பையை அப்படியே ஊர்ப் பயணத்துக்கு எடுத்து, அதன் மடிப்பில் கிடந்த ஒற்றைத் தோட்டாவால் இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்கில் சிக்கியவர்கள் உண்டு. தோட்டாவுக்கென்று ஒரு பை வையுங்கள். அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

எந்தத் துளை, எந்தத் தோட்டா

12 கேஜ் ஷாக்வேவ் சுமார் 5.25 பவுண்டு, அதாவது 2.4 கிலோ. முழு நீள ஷாட்கன் இதைவிட முக்கால் கிலோ அளவுக்குக் கனமாக இருக்கும். தோளும் உதையில் பாதியை வாங்கிக்கொள்ளும். இங்கே தோள் இல்லை, எல்லாம் மணிக்கட்டுக்குத்தான். கை சிறியவர், மணிக்கட்டு வலி உள்ளவர், வீட்டில் இன்னொருவரும் பயன்படுத்தப் போகிறவர் 20 கேஜ் அல்லது 410 எடுப்பதே புத்திசாலித்தனம். 410இல் பக்‌ஷாட் எனும் பெரிய ரவை குறைவு. ஆனால் குறிவைத்த இடத்தில் பட்ட நான்கு ரவை, எங்கோ போன ஒன்பதைவிட மேல்.

12 கேஜ்தான் என்றால் 2¾ அங்குலத் தோட்டா போதும். சேம்பர் (சுடும்போது தோட்டா அமரும் அறை) 3 அங்குலத்தை ஏற்கும் என்பதற்காக 3 அங்குல மேக்னம் போடத் தேவையில்லை. இரண்டாவது குண்டுக்குள் குறி எங்கே என்றே தெரியாமல் போகும். சாதாரண 00 பக்‌ஷாட்டில் 0.33 அங்குல விட்டமுள்ள 9 ரவைகள் வினாடிக்கு 1,300 அடிக்கு மேல் பாயும். உதை குறைத்த வகை சுமார் 1,145 அடியில் பாயும். இந்தத் துப்பாக்கிக்கு உதை குறைத்ததே சரி. 1¾ அங்குலக் குட்டித் தோட்டாக்கள் மென்மையாக உதைக்கும், அதிகமும் கொள்ளும். ஆனால் சாதாரண ஷாக்வேவில் தூக்குத் தட்டில் கவிழ்ந்து சிக்கும். அதற்கு ரப்பர் அடைப்பு ஒன்று தனியே கிடைக்கிறது. 590எஸ் என்ற வகை எந்த மாற்றமுமின்றி அவற்றை ஊட்டும்.

ஒரே வீட்டில் 12உம் 20உம் இருந்தால் தோட்டாக்களை ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். 20 கேஜ் தோட்டா 12இன் சேம்பரைத் தாண்டி வழுக்கிக் குழலுக்குள் போய் நிற்கும். சேம்பர் காலி என்று நினைத்து மேலே 12 ஒன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். முன்பிடியைப் பிடித்த கை அங்கேதான் இருக்கும். 20 கேஜ் உறை மஞ்சள் நிறத்தில் வருவதன் காரணமே இதுதான்.

முதல் சுடலுக்கு முன்

புதுத் துப்பாக்கியில் இருக்கும் எண்ணெய் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது, ஓட்டத்துக்கானது அல்ல. மேகசின் குழாய் (குழலுக்குக் கீழே, தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் குழாய்) முனையிலுள்ள மூடியைக் கழற்றி, முன்பிடியைப் பாதிவரை பின்னுக்கு இழுத்தால் குழல் முன்னே உருவி வரும். மூடியைக் கழற்றும்போது முகத்தை விலக்கிக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே சுருள்வில் இருக்கிறது. குழலிலும் சேம்பரிலும் கரைப்பானைப் போட்டுத் துடைத்து, ஆக்‌ஷன் கம்பிகள் (முன்பிடியைப் போல்ட்டோடு இணைப்பவை) இரண்டிலும், போல்ட் உரசும் தடங்களிலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும் கொடுங்கள். மேகசின் குழாயின் உட்புறம் உலர்ந்தே இருக்கட்டும். அங்கே எண்ணெய் இருந்தால் தோட்டாவின் ப்ரைமருக்குள் (அடியில் தீப்பொறி தரும் சிறு கிண்ணம்) இறங்கும், தூசியும் ஒட்டும். பிடியை ரிசீவரோடு இறுக்கும் ஒற்றை நீள போல்ட்டையும் முன்பிடிப் பட்டையின் திருகுகளையும் இறுக்கிப் பாருங்கள். முதல் ஐம்பது குண்டுக்குள் இவை தளர்வது வழக்கம். நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு போதும். சிவப்பு போட்டால் பிறகு கழற்றுவது பெரும் பாடு.

பிறகு ஊமைத் தோட்டா (வெடிமருந்தில்லாதது) ஐந்தை வைத்து வீட்டிலேயே நிரப்பவும் ஓட்டவும் காலி செய்யவும் பழகுங்கள். நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

நிரப்புதலும் காலி செய்தலும்

சேஃப்டி மோஸ்பெர்க்கில் ரிசீவரின் முதுகில், கட்டை விரலுக்கு நேராக இருக்கும். முன்னே தள்ளினால் சிவப்புப் புள்ளி தெரியும், சுடத் தயார் என்று பொருள். ரெமிங்டனில் விசைக்குப் பின்னால் குறுக்கே தள்ளும் பொத்தான். போல்ட்டை விடுவிக்கும் நெம்பு மோஸ்பெர்க்கில் விசைக் காப்பின் பின்புறம் இடப்பக்கம், ரெமிங்டனில் முன்புறம் இடப்பக்கம். இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துகிறவர் இருட்டில் தவறான இடத்தில் தடவுவார். ஒரே நிறுவனத்துத் துப்பாக்கியோடு இருப்பது நல்லது.

நிரப்ப: வாய் பாதுகாப்பான திசையில், சேஃப்டி போட்டு, விரல் விசைக்கு வெளியே. போல்ட் மூடியிருக்க, சேம்பர் காலியாக இருக்க, ஒவ்வொரு தோட்டாவையும் அடிவாய் வழியே முன்னோக்கித் தள்ளுங்கள். ஷெல் ஸ்டாப்பை (தோட்டா பின்னே நழுவாமல் பிடிக்கும் தடுப்பு) தாண்டும்போது 'க்ளிக்' என்று கேட்கும், விரலுக்கும் தெரியும். அந்தக் க்ளிக் வராமல் விரலை எடுத்தால் தோட்டா பின்னால் வழுக்கித் தூக்குத் தட்டின் கீழே சிக்கி, மொத்த எந்திரமும் இறுகிப்போகும். பம்ப் துப்பாக்கியில் புதியவர்கள் உண்டாக்கும் சிக்கல்களில் இது முதல் வரிசையில் வருவது. ஷாக்வேவின் குழாயில் 2¾ அங்குலத் தோட்டா ஐந்து கொள்ளும்.

காலி செய்ய: சேஃப்டி போட்டு, விடுவிப்பு நெம்பை அழுத்தி, முன்பிடியை மெதுவாகப் பின்னிழுங்கள். சேம்பரில் இருந்தது வெளியே விழும். குழாயில் மிச்சமிருப்பதை ஒவ்வொன்றாகச் சேம்பருக்குள் ஓட்டி எடுக்க வேண்டாம். அடிவாயில் விரலை விட்டு ஷெல் ஸ்டாப்பை அழுத்தினால் ஒவ்வொன்றாகக் கையில் வந்து விழும். ஓட்டி எடுக்கும்போது விசையில் விரல் பட்டால் வெடிக்கும் வாய்ப்பு ஐந்து முறை. இப்படி எடுத்தால் அது இல்லை. முடிவில் சேம்பருக்குள் சுண்டு விரலை விட்டுத் தடவுங்கள். குழாயின் வாயில் தள்ளுத்தட்டு தெரிகிறதா என்று பாருங்கள். தோட்டாவின் பித்தளை தெரிந்தால் இன்னும் காலியாகவில்லை.

சுடும் முறை

இடுப்பில் வைத்துச் சுடாதீர்கள். ஐந்து மீட்டரில்கூடத் தவறும், எங்கே போகிறது என்று சரிபார்க்கவும் வழியில்லை. துப்பாக்கியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, குழல் முனையில் குறிபார்க்க இருக்கும் சிறு மணியைக் குறியில் வைத்தே சுட வேண்டும். ஆனால் பிடி முகத்துக்கு அருகில் இருக்கக் கூடாது. உதையில் பிடியின் முனை பல்லிலோ கன்னத்திலோ வந்து இடிக்கும். முகத்துக்கும் பிடிக்கும் இடையே ஒரு சாண் விடுங்கள்.

கால்களைத் தோளகலம் விரித்து, முன்பிடியைப் பிடிக்கும் கையின் பக்கக் காலை அரையடி முன்னே வைத்து, இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள். முன் கை துப்பாக்கியை முன்னோக்கித் தள்ள, பின் கை அதே வலுவில் பின்னோக்கி இழுக்கட்டும். இரு கைகளின் இந்த இழுபறிதான் தோள்கட்டை செய்யும் வேலையைச் செய்கிறது. சுடும் கணத்தில் இது தளர்ந்தால் குழலின் வாய் நெற்றி உயரத்துக்கு எழும்பும், மணிக்கட்டும் முறுகும்.

முன்பிடிப் பட்டை அலங்காரத்துக்கு அல்ல. 14 அங்குலக் குழலில் விரலுக்கும் வாய்க்கும் இடையே சில அங்குலமே இருக்கிறது. வேகமாக முன்னே தள்ளும்போது கை வழுக்கினால் வாய்க்கு முன்னே போய்விடும். பட்டையை விரல்கள் இறுக்கமாக, ஆனால் ரத்தம் தேங்காமல் பொருந்தும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். பட்டை இல்லாமல் சுட வேண்டாம்.

முதல் நாள் ஒற்றைத் தோட்டா மட்டும் நிரப்பிச் சுடுங்கள்: இலேசான பறவை ரவையில் ஐந்தாறு, பிறகு இரண்டிரண்டாக. மணிக்கட்டு வலித்தால் நிறுத்துங்கள். வலியோடு தொடர்ந்தால் விசையை இழுக்கும் முன்பே உடல் பயந்து சுருங்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், அதைப் போக்க மாதங்கள் ஆகும். காதுக்குள் அடைப்பும் அதன்மேல் காதுக்கவசமும் இரண்டும் வேண்டும். குட்டைக் குழலின் வெடிச்சத்தம் முகத்துக்கு அருகில் வெடிக்கிறது. ஒரே குண்டு கேட்கும் திறனை நிரந்தரமாகக் குறைக்கப் போதும். உள்ளரங்கச் சுடுதளங்கள் சில பக்‌ஷாட்டை அனுமதிப்பதில்லை, முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பம்ப் செய்யும்போது பின்னே முழுதாக, முன்னே முழுதாக, தயங்காமல். பாதியில் நின்றால் வெற்றுறை வெளியேறாது, அல்லது அடுத்த தோட்டா ஏறாது. உதை துப்பாக்கியைப் பின்னே தள்ளும் அதே ஓட்டத்தில் முன்பிடியை இழுத்தால் பாதி வேலையை அதுவே செய்துவிடும்.

சிக்கினால்

விசையை இழுத்துக் 'க்ளிக்' மட்டும் கேட்டால், வாயைக் குறித்திசையிலேயே வைத்து 30 வினாடி காத்திருந்து, பிறகு வெளியேற்றுங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டாக்கள் அபூர்வமாக உண்டு. வழக்கமான சத்தத்துக்குப் பதில் மந்தமாக 'பொப்' என்றால் அடுத்ததைச் சுடவே கூடாது. காலி செய்து, குழலைக் கழற்றி, வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

வெற்றுறை பக்க வாயிலில் மாட்டி நின்றால் முன்பிடியை முழுதாகப் பின்னிழுத்து, வாயில் தரையைப் பார்க்கும்படி சாய்த்து உதறுங்கள்.

வெற்றுறை சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டு முன்பிடி அசையாவிட்டால், மலிவு தோட்டாவின் எஃகு அடி சூட்டில் விரிந்து பிடித்திருக்கும், அல்லது சேம்பரில் பிளாஸ்டிக் படிந்திருக்கும். கட்டையுள்ள துப்பாக்கியைத் தரையில் குத்தி முன்பிடியை இழுக்கும் வித்தையை இதில் செய்யாதீர்கள். குத்த இங்கே கட்டை இல்லை, பிடி உடையும், வாய் உங்கள் முகத்தைப் பார்க்கும். சுட்ட உறைதான் என்பது உறுதியாக இருந்தால் மட்டும் குழல்வழியே மரக்கம்பியை விட்டு மெதுவாகத் தள்ளலாம். சுடாத தோட்டா சிக்கியிருந்தால் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். பித்தளை அடியுள்ள தோட்டாவுக்கு மாறி, சேம்பரைத் தூரிகையால் தேய்த்தால் பெரும்பாலும் இது திரும்ப வராது.

ஒரே இழுப்பில் இரண்டு தோட்டா குழாயிலிருந்து வெளிவந்தால் ஷெல் ஸ்டாப் தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. வீட்டில் நெம்பி நிமிர்த்தாதீர்கள், பாகத்தையே மாற்றுங்கள்.

ரவை பரவலை அளத்தல்

குழல் குட்டை என்பதால் ரவை அறை முழுக்கத் தெறிக்கும் என்பது தவறான எண்ணம். சாதாரண பக்‌ஷாட்டுக்குக் கஜத்துக்கு ஓர் அங்குலம் என்று தோராயமாகச் சொல்வார்கள். நெருக்கும் வகைத் தோட்டாவில் அதைவிடச் சிறியது. ஐந்து கஜத்தில் உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆகவே குறி அவசியம். பெரிய அட்டையில் நடுப்புள்ளி வைத்து 5, 7, 10, 15 கஜத்தில், வாங்கவிருக்கும் அதே தோட்டாவில் மும்மூன்று குண்டு சுட்டு, ஒவ்வொன்றிலும் வெளியோர ரவைகளுக்கு இடையேயான தூரத்தை எழுதுங்கள். ஒன்பது ரவையும் 20 சென்டிமீட்டருக்குள் நிற்கும் கடைசித் தூரமே உங்கள் எல்லை. தோட்டா பிராண்டை மாற்றினால் மீண்டும் அளக்க வேண்டும்.

அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் சுவர் 00 ரவையை நிறுத்தாது. படுக்கையறையிலிருந்து சுட்டால் எதிர்ச் சுவருக்கு அப்பால் எந்த அறை, அதில் யார் தூங்குகிறார்கள் என்பதை இப்போதே நடந்து பார்த்து வையுங்கள்.

வைத்திருத்தல்

இந்த சேஃப்டி விசையை மட்டுமே தடுக்கிறது. கீழே விழுந்த அதிர்ச்சியில் சுத்தி நழுவினால் அது காப்பாற்றாது. வீட்டில் எடுத்த எடுப்பில் பயன்படுத்த வைப்பவர்களும் சேம்பரைக் காலியாகவே வையுங்கள்: குழாயில் தோட்டா, போல்ட் மூடி, சுத்தி இறங்கி. எடுத்து ஒரு பம்ப் செய்தால் தயார். அதுவும் பூட்டிய பெட்டிக்குள்தான். 26 அங்குலம் என்பதால் கைத்துப்பாக்கிப் பெட்டிகளில் இது நுழையாது. சுவரில் போல்ட் அடித்த, எண் அமுக்கித் திறக்கும் நீளப் பெட்டி வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் குழாயும் காலியாக இருக்கட்டும், தோட்டா வேறு பூட்டில். துப்பாக்கியோடு வரும் கம்பிப் பூட்டைப் பக்க வாயிலில் நுழைத்து அடிவாய் வழியே எடுத்துப் பூட்டினால் போல்ட் மூடவே மூடாது.

குழாயில் மாதக்கணக்கில் அழுந்திக் கிடக்கும் தோட்டாக்களின் பிளாஸ்டிக் உறை புடைக்கும். அப்படிப் புடைத்தது சேம்பரில் ஏறாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தட்டையான பலகையில் உருட்டிப் பாருங்கள். சீராக உருளாததைச் சுடுதளத்தில் பயிற்சிக்குத் தீர்த்துவிட்டுப் புதியதை வையுங்கள். அந்த நாளிலேயே பிடி போல்ட்டையும் பட்டைத் திருகுகளையும் பார்த்து, குழலுக்குள் ஒரு துணியை ஓட்டிவிடலாம்.

வாங்கிய ரசீது, சீரியல் எண், ரிசீவரின் இரு பக்கப் படம் மூன்றையும் துப்பாக்கிப் பெட்டிக்கு வெளியே ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள். திருட்டுப் போனால் போலீஸ் முதலில் கேட்பது சீரியல் எண்ணைத்தான். இது ஷாட்கன் ரிசீவரிலிருந்து மாற்றியது அல்ல, கட்டையில்லாமலே தொழிற்சாலையிலிருந்து வந்தது என்பதைக் காட்ட வேண்டிவந்தால், அந்த ரசீதில் எழுதியிருக்கும் மாடல் பெயர்தான் உங்கள் கையில் இருக்கும் சான்று.